ஒளியை ஆண்ட கலைஞர் மார்க்கஸ் பார்ட்லி

திரைப்படம் பார்த்து மீள்வோர் நடிகரின் பெயரைச் சொல்வர், பாட்டை முணுமுணுப்பர், இயக்குநரை நினைவுகூர்வாரும் சிலர் உளர். அக்காட்சிகளை நம் கண்முன் நிறுத்திய ஒளிப்பதிவாளர் யாவர் எனக் கேட்பாரோ மிக அரியர். அவ்வாறு பிறர் புகழுக்கு ஒளியூட்டித் தாம் நிழலிலே நின்ற பெருங்கலைஞர் ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுதப் புகுகின்றோம்.

மார்க்கஸ் பார்ட்லி நம் ஊரினரல்லர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருமல்லர். ஆயினும், திரௌபதை அம்மன் கோயிலிலே பாரதக் கதை கேட்டு வளர்ந்த உடப்பு மக்களுக்கும், கற்பிட்டி முதற் சிலாபம் வரை கடலை நம்பி வாழும் நெய்தல் நிலத்தார்க்கும், அவர்தம் படங்களுள் இரண்டு மிக அணுக்கமானவை.

1917ஆம் ஆண்டில் ஆங்கிலோ இந்தியக் குடும்பமொன்றிற் பிறந்த பார்ட்லி, பத்திரிகைப் புகைப்படக்காரராகவும் செய்திப்படக் கமராக்காரராகவும் தொழில் பயின்றார். நிகழ்ச்சி நமக்காகக் காத்திராது; கிடைத்த ஒளியிலே, கிடைத்த கணத்திலே படம்பிடித்தல் வேண்டும். இப்பயிற்சியோடு சென்னைத் திரையுலகிற் புகுந்தவர், பி. என். ரெட்டியின் ‘சுவர்க்க சீமா’ வாயிலாகப் பெயர் பெற்றார். பின்னர் விஜயா நிறுவனத்தாரின் ‘பாதாள பைரவி’ (1951), ‘மிஸ்ஸியம்மா’ (1955) முதலிய படங்கள் அவர் கைவண்ணம் பெற்று வெளிவந்தன.

1957இல் கே. வி. ரெட்டியின் இயக்கத்தில் வந்த ‘மாயா பஜார்’ அவர் திறமைக்கு ஓர் உரைகல். வியாச பாரதத்தில் இல்லாது நாட்டு வழக்கில் வளர்ந்த அபிமன்யு திருமணக் கதை அது. துவாரகை நகரைக் காட்டுதற்கு 50 அடிக்கு 60 அடி பரப்பிலே ஏறத்தாழ 300 சிறு வீடுகளை அமைத்து, ஒவ்வொன்றிலும் மின்விளக்கிட்டனர். ஓடத்திற் செல்லும் காதலர்மீது பொழியும் நிலவோ பெரும்பாலும் ஸ்டூடியோவினுள்ளே விளக்குகளாற் படைக்கப்பட்டது. கறுப்பு வெள்ளைப் படச்சுருள் நிறம் அறியாது. ஒளியின் மிகுதியையும் குறைவையும் மட்டுமே அறியும். அவ்விரண்டையும் அளந்து கலந்து, வெண்ணிலவின் குளிர்ச்சியைக் காண்போர் உணரச் செய்தார் பார்ட்லி. 2010ஆம் ஆண்டிலே அப்படத்தின் தெலுங்கு வடிவத்திற்கு வண்ணமூட்டி மீண்டும் திரையிட்டனர். ஆயினும் நிறமே இல்லாத காலத்தில் அவர் எழுப்பிய அந்நிலவுக்குக் குறையொன்றும் இருந்ததில்லை.

நிலவைக் கட்டடத்துள்ளே படைத்தவர், 1965இல் ‘செம்மீன்’ படத்துக்காகக் கடற்கரைக்கே சென்றார். தகழி சிவசங்கரப் பிள்ளையின் நாவலை ராமு காரியாட் வண்ணப்படமாக எடுத்தார். கடலோடியின் உயிர் கரையிலிருக்கும் மனைவியின் கற்பிலே தங்கியுள்ளது என்னும் நம்பிக்கையைச் சுற்றியெழும் துயரக்கதை அது. கடற்கரையில் ஒளி ஒருவருக்கும் அடங்குவதன்று. மணலும் நீரும் வெயிலைத் திருப்பி வீசும், முகங்கள் இருளும், மேகமொன்று கடந்தால் காட்சியே மாறும். அந்த ஒளியோடு மல்லாடாது, அதனையே கதையின் மொழியாக்கினார் பார்ட்லி. கேரளக் கரையைப் போன்றே நம் கரையும் மேற்கு நோக்கியது. ஞாயிறு கடலில் வீழ்வதை நாடோறும் காணும் நம்மவர், அப்படத்தில் தம் கரையையே காண்பர். தென்னிந்தியப் படங்களுள் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தை முதன்முதலிற் பெற்றதும் அதுவே.

‘சாந்தி நிலையம்’ (1969) தமிழ்ப்படத்தின் வண்ண ஒளிப்பதிவுக்காக இந்திய தேசிய விருது பார்ட்லியையே வந்தடைந்தது. தமிழ், தெலுங்கு, மலையாளம் எனப் பல மொழிப் படங்களிற் பணியாற்றிய அவர், 1993இல் மறைந்தார். ஒளி எம்மொழிக்கும் பொதுவாதலின், எவ்விடத்தும் அவர் அயலாராகவில்லை.

இவ்வரலாற்றால் எம் மாணாக்கர் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. இயந்திரங்கொண்டு கரைவலை இழுக்கும் வழக்கம் வந்தபின், பல தோள்கள் ஒன்றுகூடி இழுத்தபோது எழுந்த அம்பாப் பாடலின் ஓசை அருகி வருகின்றது. அதனை அறிந்த முதியோரும் குறைந்து வருகின்றனர். அன்று ஒரு சிலருக்கே வாய்த்த கமரா இன்று கைத்தொலைபேசியாய் ஒவ்வோர் இளைஞர் கையிலும் உள்ளது. கருவி எளிதாயிற்று; பார்ட்லியின் பொறுமையும் கூர்ந்த நோக்குமே இனி வேண்டுவன. அவை வாய்க்குமாயின், நம் கரையின் வாழ்வு மறையுமுன் அதனைப் பதிந்து வைக்கும் கண்கள் எமது கல்லூரியிலிருந்தே தோன்றுதல் கூடும். அவ்வாறே தோன்றுக என வாழ்த்துகின்றோம்.