காட்டில் விடப்பட்டோரைத் தேடிச் சென்றவர்

2015 ஜனவரி 14ஆம் நாள் காலையில் கொழும்பு காலிமுகத்திடலில் யோசவ்வாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்திய திருத்தந்தை பிரான்சிஸ், அன்று பிற்பகலே மடு அன்னையின் திருப்பதிக்கு வந்தார். பொருத்தமான பயணம் அது. ஒல்லாந்தரின் துன்புறுத்தலுக்கு அஞ்சி, மாந்தையிலிருந்து அன்னையின் திருச்சொரூபத்தோடு காடு புகுந்த மக்களைப் போன்றோருக்காகவே இப்புனிதர் நம் நாட்டுக்கு வந்தார்.

1651இல் கோவாவில் பிறந்த அவர், 1687இல் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். வந்தவுடன் கடும் வயிற்றளைச்சல் அவரை வீழ்த்தியது. பிறர் இரங்கி வார்த்த கஞ்சியால் உயிர் பிழைத்தார்.

அந்தக் கஞ்சியை அவர் மறக்கவில்லை போலும். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னன் நகரை விட்டகன்றான். நோயுற்றோரை உறவினரே காட்டில் விட்டு ஓடினர். அடிகளாரோ, தம் உறவினரான கர்வாலோ அடிகளாருடன் அங்கேயே தங்கினார். கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்றார், குடிசை அமைத்தார், உணவும் மருந்தும் கொடுத்தார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கம் செய்தார். பௌத்தரா, கத்தோலிக்கரா என்று பார்க்கவில்லை.

அம்மைக்குத் தடுப்பூசி 1796இல்தான் வந்தது. ஆகவே மருந்தைவிட, தூய தண்ணீரும் வேளைக்குக் கஞ்சியும் அருகிருந்த மனிதருமே பலரைப் பிழைக்க வைத்திருக்க வேண்டும். மடுக் காட்டில் திருவிழாவுக்குக் கூடாரமடித்துத் தங்கும் நம் குடும்பங்களுக்கு இது எளிதில் விளங்கும்.

ஏறத்தாழ ஓராண்டு நீடித்த இப்பணிக்குப் பின் அரசனின் மதிப்பு அவர்மீது பெருகியது; மறைப்பணிக்குத் தடை குறைந்தது. 1711 ஜனவரி 16ஆம் நாள், அதே கண்டியில் அடிகளார் இறையடி சேர்ந்தார்.