குழாய் எஃகும் ஹீத்தின் வழக்கும்

எண்ணூரில் தொடங்கி மதுரை வழியாகத் தூத்துக்குடியை எட்டும் வகையில் திட்டமிடப்பட்டது இயற்கை எரிவாயுக் குழாய்த்தடம். இத்தகைய குழாய்களுக்கான எஃகுக்கு வலிமை மட்டும் போதாது. விரிசல் பரவாமல் தடுக்கும் உறுதியும், பற்றவைப்புக்கு இணங்கும் தன்மையும் வேண்டும். இவற்றில் மாங்கனீசுக்குப் பெரும் பங்குண்டு. அவ்வுலோகத்தை எஃகுத் தொழிலில் நிலைநாட்டிய முன்னோடி, சேலத்தில் பணியாற்றிய ஜோசையா மார்ஷல் ஹீத்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிக அதிகாரியான ஹீத், உள்ளூர்க் கொல்லர்கள் சிறு உலைகளில் இரும்பு எடுப்பதையும், களிமண் மூசைகளில் எஃகு ஆக்குவதையும் கண்டார். பதவியைத் துறந்து, 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். தாது சேலத்திலிருந்து வந்தது, எரிபொருள் மரக்கரி. செலவு ஏறியதே தவிர, ஆதாயம் கிட்டவில்லை.

இங்கிலாந்து திரும்பியவர், 1839இல் வார்ப்பு எஃகில் மாங்கனீசுக் கார்பைடு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். விலை மிகுந்த அயல்நாட்டு இரும்புக்குப் பதிலாக, உள்நாட்டு இரும்பிலிருந்தே நல்ல எஃகு கிடைத்தது. ஷெஃபீல்டில் எஃகின் விலை சரிந்தது. உடையச் செய்யும் கந்தகத்தை மாங்கனீசு தன்னுடன் பிணைத்துக்கொள்கிறது என்ற விளக்கம் பின்னரே தெளிவானது. அப்படி உருவாகும் மாங்கனீசு சல்பைடு, தகட்டை உருட்டும்போது நீண்ட இழையாகி, ஹைட்ரஜன் விரிசலுக்கு வித்திடும். கந்தகத்தையே மிகக் குறைப்பது இன்றைய குழாய் எஃகு ஆய்வின் முக்கியப் பணிகளுள் ஒன்று.

ஹீத்தின் கண்டுபிடிப்பால் பிறர் செழித்தனர். மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் மூசையிலேயே இட்டால் கார்பைடு அதனுள் உருவாகும், செலவும் குறைவு. காப்புரிமையின் சொற்களில் இம்முறை இடம்பெறவில்லை. அவருடைய முகவராக இருந்தவரே அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1851இல் ஹீத் மறைந்தார். 1855இல் பிரபுக்கள் சபையின் தீர்ப்பும் அவர் தரப்புக்கு எதிராகவே அமைந்தது.

அறிவு ஒருமுறை வெளிப்பட்டால், அதைப் பிறர் பயன்படுத்தச் செலவு அதிகமில்லை. உருவாக்கியவரோ முழுச் செலவையும் சுமக்கிறார். சந்தை மட்டும் இக்கணக்கை நேர்செய்யாது என்பதால்தான் ஆய்வுக்குப் பொது நிதியும், தெளிவான காப்புரிமைச் சட்டமும் தேவைப்படுகின்றன.

ஹீத்துக்கு வழக்காடவேனும் ஓர் ஆவணம் இருந்தது. அவரை எஃகின்பால் ஈர்த்த சேலத்துக் கொல்லர்களுக்கு அதுவும் இல்லை. அவர்களின் பெயர்களைக்கூட வரலாறு குறித்துவைக்கவில்லை. எஃகின் கடன் கணக்கில் அந்த வரி இன்னும் நிரப்பப்படாமலே இருக்கிறது.