பள்ளிக்கூட வழியைத் திறந்த டாக்டர் அம்மையார்

திருவான்மியூரிலிருந்து அடையாறு பக்கம் போகிறதே ஒரு பெரிய சாலை, அதை எல்லோரும் எல்.பி. ரோடு என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அதற்கு இன்னொரு பெயர் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி சாலை!

ஜூன் மாதம் பிறந்துவிட்டால், காலை வேளையில் இந்தச் சாலையில் புத்தகப் பையும் சாப்பாட்டுப் பையுமாகச் சிறுமிகள் கூட்டம் கூட்டமாகப் போவதைப் பார்க்கலாம். அவர்களில் பலர் ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுக்குப் பக்கத்திலேயே படித்தவர்கள். இப்போது ஆறாம் வகுப்பு, பெரிய பள்ளிக்கூடம். முதல் தடவையாகத் தனியே பஸ் ஏற வேண்டும். ரோட்டைக் கடக்க வேண்டும்.

பெற்ற வயிறு பதறத்தான் செய்யும். அதுவும் பெண் குழந்தை என்றால், படித்தது போதும், நிறுத்திவிடலாமா என்ற பேச்சுகூடச் சில வீடுகளில் எழுகிறது.

அதே பேச்சைத் தம் சொந்த வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர்தான், இந்தச் சாலைக்குப் பெயர் தந்த அம்மையார்.

நின்றுபோன படிப்பு

முத்துலட்சுமி பிறந்தது 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி, புதுக்கோட்டையில். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் தலைவராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள்.

பெண்கள் எழுத்து வாசனையே அறியாத காலம் அது. சிறுமி முத்துலட்சுமி ஆண் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தாள். நன்றாகவும் படித்தாள்.

ஆனால் அவள் பருவம் அடைந்ததும் பள்ளிக்கூட வாசல் மூடிக்கொண்டது. வயதுக்கு வந்த பெண் தெருவில் நடந்து பள்ளிக்கூடம் போவதா? ஊர் என்ன சொல்லும்? தாயாருக்கு ஒரே கவலை. காலாகாலத்தில் மகளுக்குக் கலியாணம் செய்துவிட வேண்டும் என்று துடித்தார். தாயாரைக் குறை சொல்லிப் பயனில்லை. அன்றைய ஊர் வழக்கம் அப்படி.

மகளோ கலியாணத்துக்குச் சம்மதிக்கவில்லை. படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள்.

தந்தை ஒரு வழி கண்டார். மகள் பள்ளிக்கூடத்துக்குப் போகக் கூடாதென்றால், பள்ளிக்கூடம் வீட்டுக்கு வரட்டுமே! வீட்டிலேயே பாடம் நடந்தது. 1902-இல் முத்துலட்சுமி மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறினாள்.

திரைக்குப் பின்னால்

அடுத்தது கல்லூரி. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியோ ஆண்கள் படிக்கும் கல்லூரி. அங்கே ஒரு பெண்ணைச் சேர்த்தால் எங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று பலர் எதிர்த்தார்கள். ஆனாலும் மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி கொடுத்தார். 1904-இல் முத்துலட்சுமி அந்தக் கல்லூரியில் அடி எடுத்து வைத்தார்.

மாணவர்கள் கண்ணில் படாதபடி, வகுப்பறையில் அவருக்குத் திரை கட்டினார்கள். திரைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் பாடம் கேட்டார்.

திரை கண்ணை மறைத்தது. காதை மறைக்கவில்லையே!

1907-இல் சென்னைக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பெண்கள் மருத்துவம் படிப்பதே அதிசயமாக இருந்த காலம் அது. 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

1927-இல் சென்னை மாகாணச் சட்டசபையில் உறுப்பினர். அந்தச் சபையின் முதல் பெண் உறுப்பினர் அவர்தான்! சபையின் துணைத் தலைவராகவும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்க அவர் அங்கே போராடினார்.

கதவைத் தட்டிய மூன்று பெண்கள்

1930-ஆம் ஆண்டு. பொட்டுக் கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த மூன்று பெண்கள் அம்மையார் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். படிக்க வேண்டும், தங்க இடமில்லை. அவர்களை விடுதியில் சேர்க்க அம்மையார் முயன்றார். இடம் கிடைக்கவில்லை.

தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்! ஒரு காலத்தில் தந்தை தமக்குச் செய்ததை, இப்போது அவர் பிறர் பெற்ற பெண்களுக்குச் செய்தார்.

அப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம். பிறகு அது அடையாறு பெசன்ட் அவென்யூவுக்கு வந்தது. இன்று அங்கே பெண்கள் மேல்நிலைப் பள்ளி நடக்கிறது.

அம்மையாரின் தங்கை புற்றுநோயால் இறந்தவர். அந்தத் துயரத்தை அவர் மறக்கவே இல்லை. 1954-இல் அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கியதும் அவர் முயற்சியால்தான். 1956-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968 ஜூலை 22-ந் தேதி காலமானார்.

நீங்கள் செய்ய வேண்டியது

பெற்றோர்களே! புதுக்கோட்டைத் தந்தை, பயந்து மகள் படிப்பை நிறுத்தவில்லை. வழியைத்தான் தேடினார். நமக்கு அவ்வளவு கஷ்டம்கூட இல்லை.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே, பள்ளிக்கூட நேரத்திலேயே குழந்தையோடு ஒருநாள் போய்வாருங்கள். போகும்போது நீங்கள் வழி காட்டுங்கள். திரும்பும்போது குழந்தை உங்களுக்கு வழி காட்டட்டும். எங்கே தடுமாறுகிறாள் என்பது அப்போது தெரிந்துவிடும்.

எந்த இடத்தில் ரோட்டைக் கடக்க வேண்டும், எந்த நம்பர் பஸ், எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்பதைக் குழந்தையே தன் கையால் ஒரு தாளில் எழுதட்டும். வீட்டு டெலிபோன் நம்பரும் அதில் இருக்கட்டும். பஸ் தவறிவிட்டால் எங்கே நிற்பது, யாரிடம் கேட்பது என்பதையும் சொல்லி வையுங்கள். அதே பள்ளிக்கூடத்தில் படிக்கும் பக்கத்து வீட்டு அக்காள் யாராவது இருந்தால், முதல் வாரம் அவளோடு சேர்த்து அனுப்புங்கள். மாணவர் பஸ் பாஸ் பற்றிப் பள்ளிக்கூடத்திலேயே கேளுங்கள்.

பாடம் தொடங்கும் நேரத்துக்குக் கால் மணி முன்னதாகப் போய்ச் சேரும்படி கிளம்பினால், ஓட்டமும் இல்லை, அழுகையும் இல்லை.

நாளை உங்கள் மகள் அந்தச் சாலையில் போகும்போது, அதன் பெயரை அவளுக்குச் சொல்லுங்கள். தெருவில் நடந்து பள்ளிக்கூடம் போகக் கூடாது என்று தடுக்கப்பட்ட ஒரு சிறுமியின் பெயர் அது. இன்று அந்தப் பெயரிலேயே ஒரு சாலை இருக்கிறது. அதில் நம் பெண்கள் தைரியமாகப் பள்ளிக்கூடம் போகிறார்கள்!