மயிலை சீனி. வேங்கடசாமி

திருமயிலையிலே தோன்றித் தமிழாராய்ச்சிக்கே தம் வாழ்நாளை ஒப்புவித்த சீனி. வேங்கடசாமி அவர்களின் வரலாறு சைவ நன்மக்கள் அறியத்தக்கதொன்றாம். இவர் 1900 ஆம் ஆண்டு டிசம்பர் 16 இல், சித்த மருத்துவர் ஒருவரின் மகனாராகப் பிறந்தார். பள்ளியாசிரியராய் அமர்ந்து, இல்லறம் மேற்கொள்ளாது, ஓய்வுப் பொழுதை ஏட்டாராய்ச்சியிலும் கல்வெட்டாராய்ச்சியிலுமே செலுத்தினார்.

1940 இல் இவர் வெளியிட்ட ‘பௌத்தமும் தமிழும்’ என்னும் நூல், அச்சமயம் தமிழகத்தில் வந்ததும் வளர்ந்ததும் மறைந்ததும் நிரலே ஆராய்வது. காஞ்சியிற் பிறந்து நாலந்தைக் கழகத்திற்குத் தலைவராயிருந்த தருமபாலர் முதலியோர் வரலாறும் இதன்கண் உண்டு. அத்தருமபாலரின் மாணாக்கராகிய சீலபத்திரரிடமே சீன யாத்திரிகர் யுவான் சுவாங், ஏழாம் நூற்றாண்டிற் பாடங்கேட்டார். காஞ்சியைப் பற்றியும் எழுதிவைத்தார். நம் நாட்டவர் மறந்ததனைச் சீனர் ஏடுகள் காத்தன என்பது இதனாற் பெறப்படும்.

பழைய கோயில்கள் சில முன்னர்ப் பௌத்தர்க்குரியனவாயிருந்தன என இவர் கூறியது நம்மனோர் பலர்க்கு உடன்பாடன்று. ஆயினும், பிறர் கொள்கையை அறியாது மறுத்தல் நம் மரபன்று. சிவஞான சித்தியார் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் பௌத்தர் நால்வகையார் கொள்கையையும் எடுத்தோதிய பின்னரே மறுத்தருளினார். அப்பௌத்தர்தந் தமிழ் நூல்களுட் குண்டலகேசி முதலியன அழிந்தொழிந்தமையால், இத்தகைய ஆராய்ச்சியின்றிப் பரபக்கத்தின் நுட்பம் முற்றும் விளங்குதல் அரிது.

1980 ஜூலை 8 இல் இவர் மறைந்தார். மடத்து நூல்நிலையங்களிற் பரபக்கத்தின் அருகே இந்நூலும் இருத்தல் வேண்டுமென்பது நம் விழைவு.