மலிவுத் தாளில் மலர்ந்த கற்பனை

தாளின் தரத்தைக் கொண்டு எழுத்தின் தரத்தை அளக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. அஃது எத்துணைப் பிழையானது என்பதை அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ரைஸ் பரோஸின் தொடக்கக்கால வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது. டார்சானைப் படைத்தவராக உலகம் அறிந்த இவர், அறிவியல் புனைகதையின் முன்னோடிகளுள் ஒருவருமாவார்.

1875 செப்டம்பர் 1-ஆம் நாள் சிகாகோவில் பிறந்த பரோஸ், படைத்துறைக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் தோற்றார். குதிரைப்படையில் சேர்ந்தும் இதயக் கோளாற்றால் விலக நேர்ந்தது. அதன்பின் தொட்ட தொழில் எதுவும் துலங்கவில்லை. மனைவியின் நகைகள் அடகுக்குச் சென்றதும் உண்டு. 1911-இல், இரு குழந்தைகளுக்குத் தந்தையாகிய நிலையில், பென்சில் சீவும் கருவிகளை விற்க முகவர்களை அனுப்பிவிட்டு வருவாயின்றிக் காத்திருந்தார்.

அக்காலத்தில், மரக்கூழால் ஆன மட்டமான தாளில் அச்சான சாகசக் கதை இதழ்கள் அமெரிக்காவில் மலிவு விலைக்கு விற்றன. அவற்றைப் படித்த பரோஸ், இத்தகு கதைகள் தமக்கும் கைவரும் எனத் துணிந்தார். நொடித்துப்போன தொழில்களில் எஞ்சிய கடிதத் தாள்களின் பின்புறத்திலேயே எழுதலானார். செவ்வாயில் கால்வாய்கள் உள்ளன என்று வானியலறிஞர் பெர்சிவல் லோவெல் கூறிவந்த காலம் அது. வறண்டு மடியும் அக்கோளுக்குச் செல்லும் ஜான் கார்ட்டர் என்னும் வீரனின் கதையை 'ஆல்-ஸ்டோரி' இதழ் 400 டாலருக்கு ஏற்றது.

ஆயினும், தம்மைப் பித்தர் என உலகம் நகைக்குமோ என அஞ்சிய பரோஸ், தெளிந்த மூளையுடையவர் எனப் பொருள்படும் 'நார்மல் பீன்' என்னும் புனைபெயரில் ஒளிந்தார். அப்பெயரும் அச்சில் 'நார்மன் பீன்' எனத் திரிந்தது! 1912 பிப்ரவரி முதல் ஜூலை வரை தொடர் வெளிவந்தது. அடுத்து எழுதிய வரலாற்றுக் கதையை அவ்விதழ் மறுத்துவிட்டது. அவர் தளரவில்லை. 1912 அக்டோபரில் டார்சான் கதை, அவர்தம் சொந்தப் பெயரிலேயே வெளிவந்தது. பதிப்பகங்கள் பல மறுத்த அக்கதை, 1914-இல் நூலாயிற்று.

குறைகளையும் நாம் மறைத்தல் ஆகாது. காணாத ஆப்பிரிக்காவை எழுதிய அவர், கறுப்பின மக்களை இழிவுபடச் சித்திரித்தார். செவ்வாயின் கால்வாய்கள் வெறும் தோற்றமயக்கமே என்பதை 1965-இல் மாரினர் 4 விண்கலம் உறுதிப்படுத்தியது. எனினும், வானியலறிஞர் கார்ல் சேகனின் இளமை நெஞ்சில் செவ்வாய் வேட்கையை மூட்டியவை பரோஸின் கதைகளே.

1950 மார்ச் 19-இல் அவர் மறைந்தார். இன்று செவ்வாயின் பெரும்பள்ளம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அக்கோளைப் பற்றி எழுதத் தம் பெயரை மறைத்தவரின் பெயர் அங்கேயே நிலைத்துவிட்டது. முதல் முயற்சிக்கு நாணி நிற்கும் மாணவமணிகள் இதனை நெஞ்சில் இருத்துவார்களாக.