கற்றளி கண்ட செம்பியன் மாதேவியார்

சிவாலயத் திருப்பணி செய்து பெரும்பேறு எய்தியவர் பலர். புதிய கோயில் எடுப்பித்தோர் ஒரு சாரார். சிதைந்த கோயிலைப் புதுக்கினோர் மற்றொரு சாரார். புதுக்குங்கால் அக்கோயிலின் பழஞ்செய்திகளும் அழியாவண்ணம் போற்றிக் காத்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் தலைமை சான்றவர், பத்தாம் நூற்றாண்டில் சோழநாட்டை அணிசெய்த செம்பியன் மாதேவியார் ஆவர்.

மாதேவியார் மழவரையர் குலத்திற் பிறந்தவர். முதற் பராந்தக சோழனின் மைந்தரும், தில்லைக் கூத்தப்பெருமான்மீது திருவிசைப்பா அருளியவருமான கண்டராதித்த சோழரை மணந்தவர். பட்டத்தரசியாகு முன்னரே, தம் மாமனார் ஆட்சியில், கி.பி. 941இல் திருக்கோயில் விளக்கிற்கு அறம் செய்தவர். அரச போகத்தினும் சிவபோகத்தையே பெரிதெனக் கொண்ட கணவருக்கு அவர் ஏற்ற துணைவியாராய் விளங்கினார்.

அவ்வின்பம் நெடிது நிலைக்கவில்லை. கி.பி. 957ஆம் ஆண்டளவில் கண்டராதித்தர் சிவபதம் அடைந்தார். மைந்தர் உத்தம சோழர் அப்போது இளங்குழவியாதலின், அரசுரிமை கண்டராதித்தரின் தம்பி அரிஞ்சயருக்கும், அவர்க்குப்பின் சுந்தர சோழருக்கும் சென்றது என்பர் ஆராய்ச்சியாளர். கணவரையும் இழந்து, மகனுக்குரிய அரியணையும் கைக்கு எட்டாது நின்ற நிலையில், மாதேவியார் மனம் சோர்ந்தாரல்லர். பகை வளர்த்தாரும் அல்லர். எஞ்சிய நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாழ்நாளைச் சிவத்தொண்டிற்கே உரிமையாக்கினார். பராந்தகர் முதல் இராசராசர் ஈறாக அறுவர் ஆட்சியைக் கண்ட அவ்வம்மையார்க்கு, அரசர் மாறினும் தொண்டு மாறவில்லை.

சமயகுரவர் பாடிப் பரவிய பதிகள் பல அக்காலத்தில் செங்கல்லாலும் மரத்தாலும் அமைந்தவை. மழையும் வெயிலும் அவற்றைத் தேய்த்து வந்தன. அவற்றைக் கற்றளிகளாக மாற்றி எடுப்பிப்பதைத் தம் வாழ்வின் நோக்கமாகக் கொண்டார் மாதேவியார். திருநல்லம், திருக்கோடிகாவல், தென்குரங்காடுதுறை, திருமுதுகுன்றம் முதலிய தலங்களில் அவர் திருப்பணி ஓங்கிற்று. நமிநந்தியடிகள் நீரால் விளக்கெரித்த திருவாரூர் அரநெறியும் அவரால் கற்றளியாயிற்று. கூத்தப்பெருமான், அகத்தியர், பிச்சாடனர் முதலிய திருவுருவங்கள் கோயிற் புறச்சுவர் மாடங்களில் மிகுதியாக இடம்பெறும் மரபு அவர் திருப்பணிகளால் வளம் பெற்றது.

கோனேரிராசபுரம் என வழங்கும் திருநல்லத்தில் அம்மையார் தம் கணவர் பெயரால் கற்றளி எடுப்பித்தார். ஆண்டுக் கண்டராதித்தர் சிவலிங்கப் பெருமானை வழிபடும் நிலையில் அமைந்த புடைப்புச் சிற்பம் உளது. அத்திருப்பணியை முன்னின்று முடித்த ஆலத்தூர் உடையான் சாத்தன் குணபத்தனின் உருவமும் பெயரும் அவண் இடம்பெற்றுள்ளன. பொருள் ஈந்தவரை மட்டுமன்றி உழைத்தவரையும் மறவாத உள்ளம் அது.

திருக்கோடிகாவலில் நிகழ்ந்ததோ அதனினும் சிறப்புடையது. அங்கே கற்றளி எடுக்கத் தொடங்கியபோது, முன்னோர் அறங்களைத் தாங்கிய பழங்கற்கள் தனித்தனியே சிதறிக் கிடந்தன. அவற்றுட் சில பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தன. தம் குலத்தார் செய்த அறங்கள் அல்லவே என்று அம்மையார் அவற்றைப் புறக்கணித்தாரிலர். அக்கல்வெட்டுகளை எல்லாம் படியெடுப்பித்துப் புதிய விமானத்தின் சுவரிலே மீண்டும் பொறிப்பித்தார். பழைய கல்லின் படி என்னும் குறிப்பும் உடன் பொறிக்கப்பெற்றது.

இச்செயலின் அருமையை உணர, அக்காலத்து ஊரவர் அறம் காத்த முறையை அறிதல் வேண்டும். ஒருவர் நந்தாவிளக்கு ஒன்றிற்குத் தொண்ணூற்றாறு ஆடுகளை அளிப்பார். இடையர் அவற்றை ஏற்றுப் பேணி, நாள்தோறும் கோயிலுக்கு உழக்கு நெய் அளப்பர். ஆட்டுத்தொகை குறையாமற் காத்தல் அவர் கடமை. நிலமும் பொன்னும் ஆயின், ஊர்ச் சபையார் ஏற்று நடத்துவர். இவ்வொப்பந்தம் அனைத்திற்கும் சான்று கல்லெழுத்து ஒன்றே. அக்கல் மறைந்தால் கொடுத்தவர் பெயர் மறையும். ஏற்றவர் கடமை மறையும். கருவறையில் விளக்கும் அணையும். ஆகவே, கல்லெழுத்தைக் காத்த மாதேவியார் வெறும் எழுத்தைக் காத்தவர் அல்லர். ஓர் ஊரார் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த வாக்குறுதியையே காத்தவர் ஆவர்.

உத்தம சோழர் பின்னர் அரியணை ஏறி, கி.பி. 985 வரை ஆண்டார். அரசமாதா ஆன பின்னும் அம்மையார் தொண்டு குன்றவில்லை. அவர் பெயரால் அமைந்த செம்பியன்மாதேவி என்னும் ஊரின் கைலாசநாதர் கோயிலில், அவர் பிறந்த சித்திரைக் கேட்டை நாளில் சிறப்பு வழிபாடு நிகழ மருகியரே அறக்கட்டளை வைத்தனர். இராசராசர் காலத்தில், கி.பி. 1001இல், திருவக்கரையில் கற்றளி எடுப்பித்த செய்தி அம்மையாரைப் பற்றிய இறுதிச் செய்திகளுள் ஒன்று. அவர் மறைந்தபின், கி.பி. 1019இல், முதலாம் இராசேந்திரர் அச்செம்பியன்மாதேவித் திருக்கோயிலில் அம்மையாரின் திருவுருவத்தை எழுந்தருளுவித்து வழிபாட்டிற்கும் வகை செய்தார். அரசுரிமை மாறிச்சென்ற கிளையின் வழித்தோன்றலே அவரைத் தெய்வமாகப் போற்றினார் என்றால், அவர் தூய வாழ்விற்கு வேறு சான்று வேண்டா.

திருக்குடமுழுக்கிற்குப் பொருளும் உழைப்பும் ஈயும் அன்பர்கள் இவ்வம்மையார் காட்டிய நெறியைச் சிந்தித்தல் நன்று. அண்மைக் காலத்தில் மணலை விசையுடன் வீசிக் கற்சுவரைத் தூய்மை செய்ததனால், ஆயிரம் ஆண்டு நின்ற எழுத்துகள் சில கோயில்களில் தேய்ந்து போயின. எழுத்துடைய கற்கள் தரையிற் கவிழ்த்துப் பாவப்பெற்றதும் உண்டு. அன்பு மிகுதியாற் செய்தவையே எனினும், அழிந்தவை மீளா. புதிய நன்கொடையாளர் பெயரைப் பொறிக்குமுன் பழைய நன்கொடையாளர் பெயர் எங்குளது எனத் தேடுதல் வேண்டும். கல்வெட்டு வல்லாரைக்கொண்டு படியெடுத்து வைத்தல் வேண்டும். பெயர்த்தெடுக்கும் கல் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தே மீளச் சேர்தல் வேண்டும். ஊரார் ஒன்றுகூடி இவற்றைக் கண்காணிப்பதும் சிவத்தொண்டே.

முன்னோர் ஏற்றிய விளக்கை அணையாது காத்தபின் தம் விளக்கை ஏற்றினார் செம்பியன் மாதேவியார். அதனாலேயே அவர் ஏற்றிய விளக்கு ஆயிரம் ஆண்டு கடந்தும் ஒளிர்கின்றது.