குற்றாலத்து மலர்களை உலகறியச் செய்த ராபர்ட் வைட்



ஆனி, ஆடி மாதங்களில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் நம் பங்குகளிலிருந்தும் வேன் பிடித்துக் குற்றாலம் போகிறவர்கள் உண்டு. பேரருவி, ஐந்தருவி, பழைய அருவி என்று குளித்துவிட்டு, மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுத் தென்காசி வழியாகத் திரும்பிவிடுகிறோம். அருவிக்கு மேலே உள்ள மலையில் என்ன பூக்கிறது என்று நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு. அப்படிப் பார்த்த ஒருவரை இன்று நினைவுகூர்வோம். அவர் பெயர் ராபர்ட் வைட். மருத்துவர், பயணி, நம் தென்னாட்டு மலர்களைப் படமாக்கி உலகத்துக்குக் காட்டியவர்.

1796-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் படித்து, 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராகச் சென்னை மாகாணம் வந்து சேர்ந்தார். பட்டாளத்து நோயாளிகளைப் பார்ப்பதுதான் வேலை. ஆனால் மனம் செடிகொடிகளில் இருந்தது. 1826-இல் அரசு அவரை மாகாணத்தின் இயற்கை ஆய்வாளராக நியமித்தது. இரண்டே ஆண்டுகளில் செலவைக் காரணம் காட்டி அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். மீண்டும் மருத்துவராக நாகப்பட்டினம் போனார். வேறொருவராயிருந்தால் செடிகளை அத்தோடு விட்டிருப்பார். வைட் தன் சொந்தச் செலவில் சேகரிப்பைத் தொடர்ந்தார்.

1831-இல் விடுமுறையில் தாயகம் சென்றபோது மூட்டை மூட்டையாக உலர்ந்த செடிகளைக் கொண்டுபோனார். அவற்றை வைத்து வாக்கர் ஆர்னட் என்பவரோடு சேர்ந்து எழுதிய தென்னிந்தியத் தாவர நூலின் முதல் தொகுதி 1834-இல் வெளிவந்தது. திரும்பி வந்தவருக்குப் பெல்லாரியில் பட்டாள வேலை கிடைத்தது. அந்தப் படையோடுதான் அவர் பாளையங்கோட்டைக்கு வந்தார். ரயில் இல்லாத காலம். வழியெல்லாம் செடி பறித்துக்கொண்டே வந்த பயணம் அது.

பாளையங்கோட்டையிலிருந்து குற்றாலம் தூரமில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே நுழைவதால், கிழக்கே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே குற்றாலத்தில் சாரல் அடிக்கிறது. கீழே உடைமரமும் கள்ளியும், மேலே ஏறினால் மழைக்காட்டு மரங்களும் ஆர்க்கிட் மலர்களும். ஒரு நாள் நடையில் இரண்டு உலகங்களைப் பார்த்துவிடலாம். செடி தேடுகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1830-களின் நடுவில் வைட் இங்கே ஏராளமாகச் சேகரித்தார். அவருடைய நூல்களைப் புரட்டினால் செடி கிடைத்த இடமாகக் குற்றாலத்தின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது.

பறித்த செடி வாடிவிடும். காகிதத்தில் அழுத்தி உலர்த்தினாலும் நிறம் போய்விடும். ஆகவே படம் வேண்டும். இங்கேதான் நாம் இன்னும் இருவரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள் அவர்கள். ஏறத்தாழ 1845 வரை ரங்கையாவும் அதன்பின் கோவிந்துவும் வைட்டுக்காக வரைந்தார்கள். முழுக்கிளையை வரைந்து, பக்கத்திலேயே பூவைப் பிரித்து இதழ், மகரந்தம், சூலகம், விதை என்று தனித்தனியாகப் பெரிதாக்கிக் காட்டினார்கள். இலையின் ஒரு நரம்பு தவறினாலும் வேறு செடியாகிவிடும். கோவில் பீடத்துக்குப் பூ அலங்காரம் செய்கிற நம் சகோதரிகளுக்கு ஒரு கிளையை எப்படித் திருப்பி வைத்தால் அழகு தெரியும் என்பது தெரியும். இவர்கள் அழகையும் காட்டி, உண்மையையும் விடாமல் காட்டினார்கள்.

அந்தப் படங்களை அச்சாக்கச் சென்னையில் வசதி போதவில்லை. வைட் தாமே கல்லச்சுத் தொழிலைக் கற்றுக்கொண்டார். 1838-இல் இரண்டு நூல்வரிசைகளைத் தொடங்கினார். ஒன்று வண்ணப்படங்கள் கொண்டது. மற்றது வண்ணமில்லாத கோட்டோவியங்கள். விலை குறைந்தால் பலர் வாங்குவார்கள் என்ற எண்ணம். இந்த இரண்டாவது 1853 வரை தொடர்ந்து ஆறு தொகுதிகளாக நிறைவுற்றபோது அதில் 2,101 படங்கள் இருந்தன. பதினைந்து ஆண்டு உழைப்பு, அதுவும் அலுவல் நேரம் போக மீதி நேரத்தில்.

அலுவல் என்னவென்றால் பருத்தி. 1842 முதல் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் பொறுப்பை அரசு அவரிடம் கொடுத்தது. அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. சம்பளத்துக்குச் செய்த வேலை தோற்றது, ஓய்வில் செய்த வேலை நிலைத்தது என்பது நமக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

1853-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். 1872 மே 26-ஆம் நாள் ரெடிங் நகருக்கு அருகே இறந்தார். தன் தாவரத் தொகுப்பைக் கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொடுத்திருந்தார். எத்தனையோ செடிகளின் அறிவியல் பெயர்களில் இன்றும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கம்பெனிக் காலத்தில் இந்திய ஓவியர்கள் வரைந்த படங்கள் பெரும்பாலும் பெயரில்லாமலே போயின. வைட் தம் நூல்களின் படங்களுக்கு அடியில் ரங்கையா, கோவிந்து என்று அச்சிட்டார். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே 1853-இல் கோவிந்துவின் பெயரைச் சூட்டினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அது ஏற்கெனவே பெயரிடப்பட்ட வேறொரு பேரினம் என்று கண்டு அதோடு சேர்த்துவிட்டார்கள். எனவே கோவிந்துவின் பெயர் இப்போது பழைய பெயர்களின் பட்டியலில்தான் இருக்கிறது. அவர் வரைந்த படங்கள் எடின்பரோ தாவரத் தோட்டத்தில் ரங்கையாவின் படங்களோடு பத்திரமாக உள்ளன.